அசைவூட்டப்படங்களில் தரமும் உழைப்பும்: அமெரிக்க, யப்பானிய மரபுகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

அமெரிக்க அசைவூட்டப்படங்களையும் யப்பானிய அசைவூட்டப்படங்களையும் ஒப்பிட்டுப் பேசுவோர் பெரும்பாலும் இரு முடிபுகளுள் ஒன்றையே வந்தடைவர். அமெரிக்கப் படங்களில் அசைவு நீரோட்டம் போல் ஒழுகுகின்றது, யப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களிலோ பாத்திரங்கள் சிலை போல் நிற்க வாய் மட்டும் அசைகின்றது, ஆதலின் முன்னையவையே தரத்தால் உயர்ந்தவை என்பர் ஒருசாரார். அமெரிக்கப் படங்கள் சிறுவர்க்கான வேடிக்கைகள், யப்பானியப் படங்கள் மரணத்தையும் போரையும் தனிமையையும் பேசுவன, ஆதலின் பின்னையவையே உயர்ந்தவை என்பர் மறுசாரார். முன்னவர் உருவத்தை அளவுகோலாகக் கொள்ள, பின்னவர் உள்ளடக்கத்தை அளவுகோலாகக் கொள்கின்றனர். இலக்கியத் திறனாய்வில் நாம் நெடுங்காலமாகக் கண்டு சலித்த பழைய பிணக்கே இங்கு வேறு வேடம் புனைந்து வந்து நிற்கின்றது. ஆயின், இருசாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். ஒரு படத்தை யார் வரைந்தனர், எத்துணை நேரத்தில் வரைந்தனர், என்ன கூலிக்கு வரைந்தனர் என்று இவர்களில் எவரும் கேட்பதில்லை.

இவ்வினாவைக் கேளாது அசைவூட்டத்தின் தரம் பற்றிப் பேசுதல் இயலாது என்பதே எமது கருத்து. ஏனைய கலைகளில் உழைப்பைக் கணக்கிடுதல் கடினம். ஒரு நாவலில் எத்தனை மணிநேர உழைப்புப் பொதிந்துள்ளது என்று எவரும் எண்ணிச் சொல்ல முடியாது. அசைவூட்டத்திலோ உழைப்பை ஏறத்தாழ எண்ணிவிடலாம். திரைப்படச் சுருளில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் வேண்டும். இருபது நிமிடப் படமொன்று இவ்வாறு இடையறாது அசையுமாயின் 14,400 சித்திரங்கள் வேண்டும். மூன்று சட்டங்களுக்கு நிறுத்தின் 9,600 போதும். பாத்திரத்தின் உடலை அசையாது நிறுத்தி வாயையும் கண்ணிமையையும் மட்டும் அசைத்தால் சில ஆயிரத்துள் வேலை முடிந்துவிடும். முதலாவது முறையை நிறை அசைவூட்டம் எனவும் இறுதியிற் கூறியதை மட்டுப்படுத்தப்பட்ட அசைவூட்டம் எனவும் வழங்குவர். ‘ஒழுக்கம்’ என்று இரசிகர் வியப்பது உண்மையில் வினாடிக்கு இத்தனை சித்திரம் என்னும் கணக்கே. அதாவது, திரையில் உறைந்து கிடக்கும் உழைப்பு நேரமே.

இவ்வுழைப்பு முதன்முதலாகப் பேரளவில் ஒழுங்கமைக்கப்பட்டது அமெரிக்காவிலேயே. 1937ஆம் ஆண்டு திசெம்பரில் வெளியான ‘ஸ்னோ வைட்’ படத்தின்போது வோல்ட் டிஸ்னியின் கலையகம் ஒரு தொழிற்சாலையாக வளர்ந்திருந்தது. முதன்மைச் சித்திரங்களை வரைபவர், அவருடைய உதவியாளர், இரு முதன்மைச் சித்திரங்களுக்கு இடைப்பட்ட நிலைகளை வரையும் இடைச்சித்திரக்காரர், அவற்றைச் செலுலோயிட் தாளில் மையால் படியெடுப்போர், வர்ணந்தீட்டுவோர் என்றவாறு வேலை பகுக்கப்பட்டிருந்தது. இறுதியிற் கூறிய இரு பிரிவினரும் பெரும்பாலும் பெண்கள். கூலியிலும் கணிப்பிலும் கடைநிலையினர். பாத்திரங்கள் உயிருடன் உலவுகின்றன என்று உலகம் வியந்தபோது, அவ்வுயிரை ஊட்டியவர்களின் பெயர்கள் பல திரையில் இடம்பெறவில்லை. 1941ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி அக்கலையகத்தின் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய வேறுபாடுகளும் தொழிற்சங்க அங்கீகார மறுப்பும் அதற்குக் காரணங்களாயின. மூத்த கலைஞராகிய ஆர்ட் பாபிட் தொழிற்சங்க ஈடுபாட்டின் பொருட்டு வேலைநீக்கஞ் செய்யப்பட்டமை உடனடித் தூண்டுதலாயிற்று. அவ்வாண்டிலேயே வெளியான ‘டம்போ’ படத்தில் கோமாளிகள் கூடி முதலாளியிடம் ஊதிய உயர்வு கேட்கப் புறப்படும் காட்சி, வேலைநிறுத்தக்காரரை எள்ளுவது என்பர். 1947 ஒக்ரோபரில் டிஸ்னி அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின் முன் தோன்றி, தம் கலையகத்து வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சியமளித்தார்.

மார்க்சிய மரபில் வந்தோரும் இதனை எப்போதும் சரிவர நோக்கினர் என்று கூறுவதற்கில்லை. சோவியத் நெறியாளர் ஐசன்ஸ்ரைன் டிஸ்னியைப் பெரிதும் போற்றியவர். எவ்வடிவத்தையும் எடுக்கவல்ல அவ்வுருவங்களின் நெகிழ்ச்சியில், இயந்திரமயமான வாழ்வின் விறைப்பிலிருந்து ஒரு கணநேர விடுதலையை அவர் கண்டார். அடோர்னோவும் ஹோர்க்கைமரும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் நின்று, டொனால்ட் டக் வாங்கும் அடிகள் வாழ்க்கையில் தாம் வாங்கும் அடிகளுக்குப் பார்வையாளரைப் பழக்குகின்றன என்றனர். இரண்டும் கூர்மையான கருத்துக்களே. எனினும், இருதரப்பினரும் திரையைப் பார்த்தனரேயன்றி மேசையைப் பார்த்திலர். அந்நெகிழ்ச்சியைப் பற்றி ஐசன்ஸ்ரைன் எழுதிய காலமும், அதனை வரைந்தோர் கலையகத்தின் வாயிலில் பதாகை ஏந்தி நின்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

மட்டுப்படுத்தப்பட்ட அசைவூட்டம் யப்பானியரின் குறைபாடு அன்று. அமெரிக்காவிலே பிறந்தது அது. டிஸ்னி கலையகத்தை விட்டு விலகியோர் சிலர் 1943இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் யு.பி.ஏ. எனப் பெயர் பெற்றது. 1950இல் வெளியான ‘ஜெரால்ட் மக்போயிங்-போயிங்’ முதலிய அவர்களது குறும்படங்களில் பின்னணி வெறும் வர்ணப் பரப்பாகியது. உருவங்கள் சில கோடுகளாகச் சுருங்கின. இயற்கையை அப்படியே ஒத்திருக்கவேண்டும் என்னும் டிஸ்னி அழகியலுக்கு எதிரான நவீனத்துவக் கிளர்ச்சி அது. ஆனால், முதலாளித்துவத்தின் கைத்திறன் வியக்கத்தக்கது: எதிர்ப்பாகப் பிறந்த உருவத்தையே சிக்கனமாக மாற்றிவிடும். 1948ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பயனாகப் பெரும் படநிறுவனங்கள் தம் திரையரங்குகளை இழக்கலாயின. அவ்வரங்குகளை நம்பியிருந்த குறும்படத் தொழிலும் நலிந்தது. 1957இல் எம்.ஜி.எம். தன் அசைவூட்டப் பிரிவை மூடியபோது, அங்கிருந்து வெளியேறிய ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சிக்கெனத் தொடங்கிய நிறுவனம், யு.பி.ஏ.யின் அழகியலை விலைப்பட்டியலாக மாற்றியது. யோகி என்னும் கரடியின் கழுத்தில் ஏன் எப்போதும் பட்டி இருக்கின்றது என்று கேட்கும் குழந்தைக்கு உண்மையான விடை, தலையை உடலிலிருந்து பிரித்துத் தனியே அசைத்தால் உடலை மீண்டும் வரைய வேண்டியதில்லை என்பதாகும்.

இனி யப்பானுக்கு வருவோம். யப்பானிய அசைவூட்டத்தை ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கீழைத்தேயக் குரலாகக் காணும் போக்கு எம் நண்பர் சிலரிடையே உண்டு. அந்நாட்டின் முதலாவது முழுநீள அசைவூட்டப்படமாகிய ‘மொமொத்தாரோ: தெய்வீக மாலுமிகள்’ 1945இல் யப்பானிய ஏகாதிபத்தியக் கடற்படையின் பணத்தில் எடுக்கப்பட்டது என்பதையும், தென்கிழக்காசிய நாடொன்றின் விலங்குகளுக்கு யப்பானியர் மொழிகற்பிக்கும் காட்சி அதில் வருகின்றது என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளல் நன்று. போரின் பின்னர், 1956இல் நிறுவப்பட்ட தோயெய் தோகா கலையகத்தின் வெளிப்படையான இலட்சியமே கிழக்கின் டிஸ்னியாதல். 1958இல் அது வெளியிட்ட ‘வெண்பாம்பின் கதை’ வர்ணத்தில் அமைந்த நிறை அசைவூட்டப்படம். டிஸ்னியின் உற்பத்திமுறை அங்கு வந்தது. அதனோடு டிஸ்னியின் முரண்பாடும் வந்தது. தோயெய் தொழிலாளர் சங்கத்தில் இசாவோ தக்காஹாத்தாவும், 1963இல் இடைச்சித்திரக்காரராகச் சேர்ந்து மறு ஆண்டே சங்கச் செயலாளரான ஹயாவோ மியாசாக்கியும் முன்னணியில் நின்றனர். 1957ஆம் ஆண்டின் சோவியத் படமாகிய ‘பனி அரசி’ தம்மை இத்தொழிலில் நிலைக்கச் செய்தது என மியாசாக்கி பிற்காலத்திற் கூறியுள்ளமையும் குறிப்பிடத்தக்கது.

இச்சங்கத்தாரின் கூட்டுழைப்பில் உருவாகி 1968இல் வெளியான, தக்காஹாத்தா நெறிப்படுத்திய ‘ஹோருஸ்: சூரியனின் இளவரசன்’ என்னும் படத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். தனியொரு வீரனின் சாகசமாகத் தொடங்கும் கதை, கிராமம் முழுவதும் ஒன்றுகூடி வாளை உருக்கி வார்ப்பதில் முடிகின்றது. கதையில் உள்ள கூட்டுணர்வு படமாக்கிய முறையிலும் இருந்தது. பணிப்படிநிலை பாராது கலைஞர்கள் கருத்துரைத்து உருவாக்கிய படம் அது. ஆனால், காலக்கெடு பலமுறை தவறியது, செலவு மிகுந்தது, நிர்வாகம் பொறுமையிழந்தது. அதன் தழும்புகளைத் திரையிலே காணலாம். ஓநாய்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சியும் எலிகள் தாக்கும் காட்சியும் அசைவற்ற சித்திரங்களின் தொடராகவே உள்ளன. படம் முழுவதும் நிறைந்த அசைவுடன் ஓட, உச்சமாக அமையவேண்டிய இவ்விடங்களில் திடீரென உறைந்து நிற்கின்றது. இதனை அறியாத பார்வையாளன் இது ஓர் உத்தி என எண்ணலாம். தக்காஹாத்தா அக்கலையகத்தில் அதன்பின் எந்த முழுநீளப் படத்தையும் நெறிப்படுத்தவில்லை. ஒரு கலைப்படைப்பின் உருவத்தில் அதன் உற்பத்தி உறவுகள் இத்துணை வெளிப்படையாகப் பதிந்து கிடக்கும் சான்று வேறு கலைகளில் எளிதிற் கிட்டாது.

இப்படம் வெளிவருமுன்னரே யப்பானிய அசைவூட்டத்தின் விதி வேறோரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. 1963ஆம் ஆண்டு தை முதலாந் திகதி, ஒசாமு தெசூக்காவின் முஷி நிறுவனம் தயாரித்த ‘இரும்புக்கை அத்தோம்’ (உலகின் பிற பகுதிகளில் ‘அஸ்ட்ரோ போய்’) வாராந்த அரைமணித் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1966 இறுதிவரை 193 பகுதிகள் வெளிவந்தன. வாரம் ஒரு பகுதியை நிறை அசைவூட்டத்தில் தயாரித்தல் இயலாத காரியம். எனவே, முன்னர் வரைந்த சித்திரங்களைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ‘வங்கி’ முறையும், நிற்கும் உருவத்தின் பின்னணியை மட்டும் நகர்த்தும் முறையும் கையாளப்பட்டன. இதனிலும் முக்கியமானது விலை. உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கே தொடர் விற்கப்பட்டது. நட்டம் வேறு வழிகளால் ஈடுசெய்யப்பட்டது: அனுசரணையாளரான மெய்ஜி இனிப்பு நிறுவனத்தின் சொக்கலேற்றுடன் அத்தோமின் ஒட்டுப்படங்கள் வந்தன, பாத்திரத்தின் உருவ உரிமை பொம்மைகளுக்கு விற்கப்பட்டது, தொடர் அமெரிக்காவுக்கும் சென்றது. அதாவது, படம் தானே ஒரு பண்டமாக இருந்த நிலை மாறி, பிற பண்டங்களை விற்கும் விளம்பரமாகியது. 1989இல் தெசூக்கா காலமானபின் மியாசாக்கி அவரை இரக்கமின்றி விமர்சித்தமைக்கு இக்குறைந்த விலையே காரணங்களுள் ஒன்று. ஒருவர் வகுத்த விலை ஒரு தொழிலின் நிரந்தர வறுமையாயிற்று என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். இதில் உண்மை உண்டு. ஆயினும், ஒரு தொழிலின் கூலி மட்டத்தைத் தனிமனிதர் ஒருவரின் தவறாகக் காண்பது போதிய விளக்கமாகாது. தெசூக்கா அவ்விலையைக் கேளாதிருந்தால் ஒளிபரப்பு நிறுவனங்கள் கூடிய விலை கொடுத்திருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. முஷி நிறுவனமே 1973இல் முறிந்தது.

இவ்வறுமையிலிருந்து ஓர் அழகியல் பிறந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அசைக்க முடியாதவிடத்து எதனைக் காட்டுவது என்னும் நெருக்கடி, கோணம், ஒளி, மௌனம், காட்சித் துண்டுகளின் தொடுப்பு ஆகியவற்றின்பால் கவனத்தைத் திருப்பிற்று. 1970இல் தொடங்கிய ‘நாளைய ஜோ’ தொடரில் ஒசாமு தெசாக்கி, உணர்ச்சியின் உச்சத்தில் படத்தை நிறுத்தி, அதனை வர்ணச் சுண்ணத்தால் தீட்டிய ஓவியம் போல் உறையவைத்தார். ‘ஹோருஸ்’ படத்தில் தோல்வியாக இருந்த அசைவின்மை இங்கு மொழியாகியது. யொஷினோரி கனடா போன்ற கலைஞர்கள், சித்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது அவற்றுக்கிடைப்பட்ட கால இடைவெளியைச் சீரற்றதாக்கி, திடுக்கிடவைக்கும் வேகத்தைப் பெற்றனர். தோமஸ் லமார் 2009இல் வெளியிட்ட நூலில், டிஸ்னியின் பல்தள ஒளிப்படக்கருவி பார்வையாளனைக் காட்சியின் ஆழத்துள் இட்டுச்செல்ல முயன்றது என்றும், யப்பானியர் தளங்களைப் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கவிட்டு வேறொரு வெளியைப் படைத்தனர் என்றும் விளக்கியுள்ளமை பயனுள்ளது. வேலைப்பகுப்பிலும் வேறுபாடு உண்டு. டிஸ்னி மரபில் மூத்த கலைஞர் ஒருவர் ஒரு பாத்திரத்துக்குப் பொறுப்பாவார். அதனால் அமெரிக்கப் படங்களில் பாத்திரம் நடிக்கின்றது. யப்பானில் கலைஞர் ஒருவர் ஒரு காட்சித் துண்டுக்குப் பொறுப்பாவார். அத்துண்டில் உள்ள பாத்திரங்கள், புகை, மழை யாவும் அவர் கையாலாகும். அதனால் யப்பானியப் படங்களில் கணம் நடிக்கின்றது எனலாம். குரலை முன்னரே பதிவுசெய்து அதற்கேற்ப வாயசைவை வரைவது அமெரிக்க வழக்கம். படம் முடிந்தபின் குரல் கொடுப்பது யப்பானிய வழக்கம். வாய் பொருந்தவில்லை என்று குறைகூறுவோர் இதனை அறிந்திரார்.

ஆயின் இவ்வழகியலை யப்பானிய இனத்தின் ஆதிமரபாகக் காட்டும் முயற்சியை நாம் ஏற்கமுடியாது. கபுக்கி நாடகத்தில் நடிகன் உச்சக் கட்டத்தில் உறைந்து நிற்பதையும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் சுருளோவியங்களையும் சுட்டி, அசைவின்மை யப்பானியரின் குருதியில் ஊறியது என்பாருளர். மரபு ஒரு கிடங்கு. தேவை எழும்போதுதான் அதிலிருந்து எடுக்கப்படுகின்றது. கபுக்கி 1958இலும் இருந்தது. அப்போது தோயெய் கலையகத்தார் டிஸ்னியைப் போல் வரையவே முயன்றனர். எல்லாவற்றுக்கும் இனத்தின் தனித்தன்மையில் விடை தேடும் திறனாய்வை எமது இலக்கிய உலகிலும் நாம் அறிவோம்.

இவ்வினவாதத்தை முறியடிக்கும் மிகச் சிறந்த சான்று தயாரிப்பு வரலாற்றிலேயே உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென 1977இல் வெளியான ‘ஹொபிட்’ படத்தையும், 1982இன் ‘கடைசி ஒற்றைக்கொம்பன்’ படத்தையும் வரைந்தோர் ரோக்கியோவின் தொப்கிராஃப்ட் கலையகத்தார். அக்கலையகமே 1984இல் மியாசாக்கியின் ‘நவுசிக்கா’ படத்தையும் தயாரித்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் பொம்மை நிறுவனமொன்றின் விற்பனைக்காக உருவான ‘ட்ரான்ஸ்போமர்ஸ்’ தொடரை அசைவூட்டியது தோயெய். எமது சிறுபராயத்தில் அமெரிக்கக் கார்ட்டூன் என்று கண்டவற்றுட் பல யப்பானியர் கைப்பட்டவை. (1982 பெப்ருவரியில் யப்பானிய நன்கொடையுடன் தொடங்கிய ரூபவாஹினியில், டைட்டஸ் தொட்டவத்தவின் சிங்கள மொழிமாற்றத்தில், பக்ஸ் பனியும் டொக்டர் டூலிற்றிலும் ஓடின, நிலையம் யப்பானியரது, படம் அமெரிக்கரது, சிரிப்பு எம்முடையது.) அதே 1982இல் அமெரிக்க அசைவூட்டத் தொழிலாளர், வேலை கடல்கடந்து செல்வதை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்து தோற்றனர். யப்பானிய நாணயப் பெறுமதி உயரவே வேலை தென்கொரியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் நகர்ந்தது. அமெரிக்கக் குடும்ப வாழ்வின் அங்கதமாகப் போற்றப்படும் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் சித்திரங்களை வரைந்தவர்கள் சியோல் நகரத்தவர். யப்பானியத் தொடர்களின் இடைச்சித்திரங்களும் வர்ணமும் அதே பாதையிற் சென்றன.

எனின், யப்பானியப் படங்களின் இன்றைய உயர்நிலையை எங்ஙனம் விளக்குவது? 1988இன் ‘அக்கிரா’ ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட செலுலோயிட் தாள்களைக் கொண்டது. 2001இன் ‘செனும் சிஹிரோவும்’ பெர்லினிலும் ஹொலிவூட்டிலும் பரிசு பெற்றது. 2020இன் ‘பேய்க்கொல்லி’ திரைப்படம் யப்பானிய வசூல் வரலாற்றில் முதலிடம் பெற்றது. இவ்வெற்றிகளின் அருகில் வைத்து நோக்கத்தக்க கணக்கொன்று உண்டு. யப்பானிய அசைவூட்டப் படைப்பாளர் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இடைச்சித்திரக்காரர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 11 இலட்சம் யென். ஒரு சித்திரத்துக்கு ஏறத்தாழ 200 யென் எனக் கொண்டால், அவர் ஆண்டுக்கு 5,500 சித்திரங்கள் வரைந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி நிறுவனம், பதிப்பகம், பொம்மை உற்பத்தியாளர், இசைத்தட்டு நிறுவனம் ஆகியோர் கூடிப் பணமிடும் ‘தயாரிப்புக் குழு’ முறையில் உரிமைகள் யாவும் அக்குழுவையே சேரும். வரையும் கலையகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வரையறுத்த கூலி மட்டுமே. படம் எத்துணை வென்றாலும் இடைச்சித்திரம் 200 யென்தான். விதிவிலக்குகளும் உள. கியோத்தோ அனிமேஷன் நிறுவனம் கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தித் தன்னகத்தேயே பயிற்றுவித்தது. அதன் படங்களில் ஒரு கையசைவும் ஒரு தலைமயிரிழையும் பெறும் கவனத்தை இரசிகர் வியப்பர். அக்கவனத்துக்கும் அச்சம்பளத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்வோர் சிலரே. 2019 யூலை 18ஆந் திகதி தீயிடப்பட்டு 36 பேர் மாண்டது அக்கலையகத்திலேயாம்.

உள்ளடக்கம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை என்னும் விளம்பர நேரத்துள் அசைவூட்டம் அடைக்கப்பட்டமையாலும், யப்பானில் எல்லா வயதினரும் வாசிக்கும் சித்திரக்கதைச் சஞ்சிகைகளின் பெருஞ்சந்தையொன்று அதற்குப் பின்புலமாக இருந்தமையாலும் பொருட்பரப்பு வேறுபட்டது. இது சந்தையின் வேறுபாடு, ஞானத்தின் வேறுபாடன்று. தக்காஹாத்தாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988) பட்டினியால் இறக்கும் இரு பிள்ளைகளைக் காட்டுமிடத்து எம் நெஞ்சை உலுக்குகின்றது. அப்பிள்ளைகளின் தந்தை பணிபுரிந்த கடற்படை எந்நாடுகளில் என் செய்தது என்னும் வினாவைப் படம் எழுப்புவதில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு திறனாய்வாளனுக்கு வேண்டும்.

2024 ஏப்ரலில் வடகொரியா பற்றி ஆராயும் அமெரிக்க ஆய்வு வெளியீடொன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. வடகொரியக் கணினி வழங்கியொன்றில் அசைவூட்டச் சித்திரங்களும் திருத்தக் குறிப்புகளும் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தன. குறிப்புகள் சீனமொழியில் எழுதப்பட்டுக் கொரியமொழிக்குப் பெயர்க்கப்பட்டிருந்தன. அங்கு கிடந்த கோப்புகளுள் ஓர் அமெரிக்கத் தொடரின் சித்திரங்களும் ஒரு யப்பானியத் தொடரின் சித்திரங்களும் இருந்தன. தங்கள் வேலை அங்குச் சென்றிருந்தமை அவ்விரு நாட்டு நிறுவனங்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றில்லை. ஒப்பந்தம் துணை ஒப்பந்தமாகி, அதுவும் மீளக் கைமாறி, கைகளின் அடையாளம் அழிந்துவிட்டது. தலையின் வடிவத்தைத் திருத்துமாறு கூறும் குறிப்பொன்றைப் படித்துவிட்டு அதனைத் திருத்திய அந்தக் கலைஞருக்கு, தாம் வரைந்துகொண்டிருப்பது அமெரிக்கப் பாணியா யப்பானியப் பாணியா என்பது அன்றைய நாளின் சித்திர எண்ணிக்கையை எவ்விதத்திலும் கூட்டியோ குறைத்தோ இருக்காது.